வெறும் வயிறு

மருத்துவமனை மாடி ஹாலில் போட்டிருந்த நாற்காலிகளுக்குக் கைப்பிடி இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உள்ளபடியே பயம் வந்தது. அதுவரை, ஏதோ ஒரு கூட்டம், பேசுவார்கள், காப்பி தருவார்கள், கேட்டுவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். நான் எழுந்தால் நாற்காலியும் இடுப்போடு எழுந்து வருகிற அவமானம் எனக்குப் பழக்கம். அதை அறிந்த யாரோ ஒருவர் யோசித்து இந்த ஹாலை ஒழுங்கு செய்திருக்கிறார். நம்மைப் பற்றி இவ்வளவு தெரிந்தவர்கள் நம்மைச் சும்மா விடமாட்டார்கள்.

நாகர்கோவிலில் அப்போது எடை குறைப்பு ஆபரேஷன் புதிது. சர்ஜன் வெளியூர்க்காரர். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ரயிலில் வந்து இறங்குவார். எனக்கு நாற்பத்தேழு வயது, நூற்று நாற்பத்து மூன்று கிலோ, சர்க்கரை. போதாததற்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற வியாதி. இந்தக் கடைசி விஷயம் எனக்குத் தெரியாது, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். தெரிந்தவள் என் மனைவி. நின்ற மூச்சு திரும்பி வரும்வரை அவள் எண்ணிக்கொண்டிருப்பாளாம். ஒருநாள் காலை தோசையைத் திருப்பிப் போட்டபடி, "நேத்து முப்பத்தெட்டு வரைக்கும் எண்ணினேன், பாத்துக்கிடுங்க" என்றாள். சொன்ன தொனியில் சண்டை இல்லை. அதனால்தான் மறுபேச்சுப் பேசாமல் அவள் பின்னால் வந்தேன்.

சர்ஜன் ஒல்லியான மனிதர். கைகள் மட்டும் சின்னப் பெண்பிள்ளையுடையவை போல இருந்தன. பலகையில் இரைப்பையை வரைந்தார், முக்கால் பங்கை அடித்துவிட்டார். "மீதி இருக்கிறது ஒரு வாழைப்பழம் அளவுதான்" என்றார்.

முன்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார். குளச்சல் படகு முதலாளி, ஆறு மாதத்துக்கு முன் ஆபரேஷன் முடிந்தவர். எங்களுக்குத் தைரியம் சொல்வதற்கென்று அவரை வரவழைத்திருந்தார்கள்.

"டாக்டரே, எனக்க உள்ள வச்சிருக்கது ஏத்தன் பழமா, மட்டிப் பழமா? ஆறு மாசமா கேக்கணும்னு இருக்கேன்."

"எல்லாம் வாழைப்பழம்தானே?" என்றார் சர்ஜன்.

ஹால் அமைதியானது. ஏத்தன் பழம் முழங்கையில் பாதி நீளம். மட்டி, விரல் நீளம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் கையிலா நம் வயிற்றைக் கொடுப்பது என்று இருபது குண்டு மனிதர்கள் ஒரே நேரத்தில் யோசித்த அமைதி அது. என் பக்கத்திலிருந்தவர், "தடிச்ச செந்துளுவன் பழமா இருந்தா கொஞ்சம் கொள்ளும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கூட்டம் முடிந்து படகு முதலாளியைப் பிடித்தேன். அவர் பெல்ட்டில் ஆணியால் போட்ட புது ஓட்டைகள் ஏழெட்டு இருந்தன.

"பயமா இருக்கா ஓய்?"

"அப்படியெல்லாம் இல்லை."

"பின்ன எனக்க கைய ஏன் இப்பிடிப் பிடிச்சிருக்கீரு? பயப்படணும் ஓய். நான் ஓடாத காத்து கடல்ல இல்ல. அந்த மேசையில ஏறினப்பம் மாதாவ விளிச்ச விளி, வெளிய இருந்த எனக்க பெண்டாட்டிக்குக் கேட்டிருக்கு."

"எழும்பினப்போ எப்படி இருந்தது?"

"வயிறு வேற ஆருக்கதோ மாதிரி இருந்தது. இப்பமும் அப்பிடித்தான். சொல்லு கேக்க மாட்டேங்கு."

இதுதான் எனக்குக் கிடைத்த தைரியம்.

ஆனால் நான் சர்ஜனைவிட அதிகமாகப் பயந்தது மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மாவுக்கு. மார்த்தாண்டம் பக்கத்துக்காரர், சிரிக்காதவர். டேப்பால் என் கழுத்தை அளந்து பார்த்துவிட்டு, "கழுத்துன்னு ஒண்ணு இல்லியே" என்றார். பிறகு நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு அப்புறம் ஒண்ணும் உள்ள போகக்கூடாது. வயித்துல எதுனா இருந்தா, மயங்கினதும் மேல ஏறி நுரையீரலுக்குள்ள போயிரும். உங்க உடம்புக்கு அப்பிடி வந்தா நான் பிடிச்சு நிறுத்த முடியும்னு வாக்கு தரமாட்டேன்." நாற்பத்தேழு வருடத்தில் யாரும் என்னிடம் இவ்வளவு நேராகப் பேசியதில்லை.

இரண்டு வாரம் கஞ்சித்தண்ணியும் மோரும். ஈரல் சுருங்க வேண்டுமாம். ஈரல் சுருங்கியதோ என்னவோ, நான் சுருங்கினேன். கல்யாண வீட்டு ஊர்வலம் போனால், அங்கே போடப்போகிற சாப்பாட்டை நினைத்து ஜன்னலை அடைத்தேன்.

ஆபரேஷன் அன்று காலை ஆறரை மணிக்கு, முதல் பஸ்ஸைப் பிடித்து என் அக்கா வந்தாள். கையில் தூக்குவாளி. என் நட்சத்திரத்துக்கு ஊர்க்கோயிலில் வழிபாடு நடத்தி, நடை திறந்ததும் வாங்கிய பாயசம். மனைவி கீழே கையெழுத்துப் போடப் போயிருந்தாள்.

"பிரசாதம் மக்கா, வாயத் திற."

"ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருக்கு அக்கா."

"சாப்பாடு யாருலே தந்தா? பிரசாதம்லா. வேண்டாம்னு சொல்லாத."

இதை எழுதும்போது அக்காவைக் குற்றம் சொல்லத் தோன்றுகிறது. தப்பு. எங்கள் ஊரில் பிரசாதத்தை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. பட்டினி விரதம் இருப்பவர்களும் கைநீட்டி வாங்கி வாயில் போட்டுவிட்டு, பச்சைத் தண்ணி பல்லில் படவில்லை என்பார்கள், பொய் சொல்லுகிற நினைப்பே இல்லாமல். ஆகவே முதல் கரண்டி பக்தி. இரண்டாவது கரண்டி அக்காவுக்கு மரியாதை. மூன்றாவது கரண்டிக்கு என்னிடம் விளக்கம் இல்லை. இரண்டு வாரத்துக்குப் பிறகு நாக்கில் வெல்லமும் தேங்காய்ப்பாலும் பட்டது, அவ்வளவுதான்.

ஏழரைக்கு நர்ஸ் வந்து, "காலையில எதுவும் சாப்பிட்டியளா?" என்று கேட்டாள். "இல்லை" என்றேன். சத்தியமாகப் பொய்யென்று தோன்றவில்லை. டாக்டரம்மா வந்து கேட்டபோது மனைவி முந்திக்கொண்டு, "ராத்திரியிலிருந்து ஒரு துள்ளித் தண்ணி தொடல்ல" என்றாள், பெருமையாக. அக்கா தலையாட்டினாள். அவளுக்கும் அது உண்மைதான்.

தள்ளுவண்டி நகர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தலைக்கு மேல் டியூப்லைட்டுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. ஒவ்வொன்றுக்கும் பாயசத்தின் ஒரு பருக்கை வயிற்றிலிருந்து ஒரு படி மேலே ஏறுவதாகப் பட்டது. சொன்னால் ஆபரேஷனை நிறுத்திவிடுவார்கள், என்னை வீட்டுக்கு அனுப்புவார்கள். வீட்டுக்குப் போனால் நான் திரும்பி வரமாட்டேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னை எனக்குத் தெரியும். பிறகு அவள் உட்கார்ந்து எண்ணுவாள், முப்பத்தெட்டு, நாற்பத்தெட்டு, ஒருநாள் எண்ணிக்கொண்டே இருப்பாள். சொல்லாவிட்டால், இந்த மேசையிலேயே முடியும். சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். முகம் கொள்ள அகலத் தாளாக வாங்க வேண்டும். துக்கம் கேட்க வந்தவர்கள் வெளியே செருப்புப் போடும்போது, "பாயசம் குடிச்சாம்லா" என்று ஒருத்தர் காதில் ஒருத்தர் சொல்வார்கள். ஆயுள் முழுக்க அடுத்தவர்களைக் கிண்டல் செய்து எழுதியவனுக்கு இதைவிடப் பொருத்தமான சாவு கிடைக்காது.

தியேட்டர் குளிர்ந்து கிடந்தது. மேசையில் கைகளை விரித்துக் கட்டினார்கள். சர்ஜன் குனிந்து பெயரைக் கேட்டார், என்ன ஆபரேஷன் என்று கேட்டார். சொன்னேன். பல் கிட்டித்தது. அவர் தன் சின்னக் கையை என் நெற்றியில் வைத்து, "குளிருதா?" என்றார். டாக்டரம்மா மாஸ்க்கை முகத்துக்கு அருகில் கொண்டுவந்தார்.

"டாக்டரே, மூணு கரண்டி பாயசம்."

மாஸ்க் நின்றது.

"எப்போ?" என்றார் டாக்டரம்மா.

"ஆறரைக்கு. பிரசாதம்."

"அரிசிப் பாயசமா?"

"ஆமா."

அவர் மாஸ்க்கைக் கீழே வைத்தார். முகத்தை மூடியிருந்த துணிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அவை கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பயந்திருந்தன.

"ஏன் மொதல்லயே சொல்லல்ல?"

"நீங்க சாப்பாடுதானே கேட்டீங்க."

சர்ஜன் ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தார். டாக்டரம்மா அவருக்கு விளக்கினார், வேற்றுநாட்டு வழக்கத்தைச் சொல்லுவதுபோல. பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, கேள்விப் படிவத்தின் ஓரத்தில் பேனாவால் எழுதச் சொன்னார்: பிரசாதம், கோயில் அப்பம், வேண்டுதலுக்குப் போடும் நேர்ச்சைச் சோறு. "இனி இதையும் தனித்தனியா கேக்கணும். இங்கத்த ஆளுவ கிட்ட சாப்பிட்டியளான்னு மட்டும் கேட்டா ஆவாது."

சர்ஜன் என் கைக்கட்டைத் தானே அவிழ்த்தார். "உங்களைக் கடைசியா வைக்கிறேன். மூணு மணிக்கு. அதுவரைக்கும் யோசிங்க. வேண்டாம்னா போயிடலாம், நான் கோபப்பட மாட்டேன்" என்றார்.

திட்டியிருந்தால் தேவலை.

வார்டுக்குத் திரும்பினேன். அக்கா, "தம்பியக் கொல்லப் பாத்தேனே" என்று ஒரு மூச்சு அழுதாள், பிறகு தூக்குவாளியோடு வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டாள். மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். என் சட்டையும் வேட்டியும் கட்டிலுக்கடியில் பையில் இருந்தன. காலையில் இருந்தது, தப்ப வழியில்லை என்ற பயம். இப்போது வழி இருக்கிறது என்ற பயம். பத்து மணிக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்தேன். பதினொன்றரைக்கு இன்னொரு முறை முடிவு செய்தேன். மதியம் பக்கத்துக் கட்டிலில் யாரோ சாம்பார் சாதம் பிசைந்த மணம் வந்தது. எனக்குப் பசிக்கவில்லை. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு மதியம் இருந்ததில்லை. அதுவே தனியாக ஒரு பயத்தைத் தந்தது.

இரண்டே முக்காலுக்குத் தள்ளுவண்டி வந்தது.

"வேண்டாம், நடந்து வாறேன்" என்றேன்.

வார்டு வாசலில் இடப்பக்கம் படிக்கட்டு, வலப்பக்கம் தியேட்டர். மனைவி கூடவே எழுந்தாள். எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. இரண்டு அடி பின்னால் நின்றாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். படிக்கட்டில் யாரோ சிரித்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். பிறகு வலப்பக்கம் திரும்பினேன்.

கதவருகே வந்து அவள் என் முழங்கையைப் பிடித்தாள். நான் வார்டுக்குத் திரும்பியதிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை.

"இன்னும் எதுனா தின்னிருந்தா இப்பமே சொல்லிருங்க."

"இல்லை" என்றேன்.

என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். நம்பினாளா என்று தெரியவில்லை. கையை மட்டும் விட்டாள்.