நோயாளி வீடுகளுக்கு ராசியானவன்

எங்கள் கடை தி. நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. மேட்சிங் சென்டர். புடவையைக் கொண்டுவந்தால் அதற்குப் பொருந்துகிற ஜாக்கெட் துணி, லைனிங், ஃபால்ஸ் எடுத்துக் கொடுப்போம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தொடங்கியது. இருபத்து நான்கு வயதில் எனக்கு நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய் வந்தது. மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, போய்விட்டது. நோயைச் சொல்கிறேன். முடி திரும்பி வந்தது, முன்பு இல்லாத சுருட்டையோடு. இந்த விஷயத்தில் என் அனுபவம் இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஊருக்கு உபயோகமாக இருக்க முடியும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அம்மா நினைத்தாள்.

யாருக்காவது அந்த நோய் என்று காதில் விழுந்தால் போதும். கடை வாடிக்கையாளரின் நாத்தனார், எங்கள் கே.கே. நகர் தெருவில் இஸ்திரி போடுபவரின் மைத்துனர், கோடம்பாக்கத்தில் சினிமாக்காரர்களுக்குத் துணி தைக்கும் டெய்லரின் மனைவி. அம்மா நாலு சாத்துக்குடியையும் என்னையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். போனதும் சாத்துக்குடியை மேஜையில் வைப்பாள். என்னைக் கட்டிலுக்கு எதிரே நிறுத்துவாள்.

"பாருங்க, இவனுக்கும் இதேதான். இப்ப எப்படி இருக்கான் பாருங்க. நேத்து ராத்திரி எட்டு இட்லி தின்னான்."

எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் எட்டு இட்லி தின்றவனைப் போல நிற்பேன். சிலர் கையைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஒரு பெரியவர் விக்காக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு முடியை இழுத்தே பார்த்துவிட்டார். வலித்தது. அவருக்குத் திருப்தி.

இதே நான் நல்ல காரியங்களுக்கு ஆக மாட்டேன். தங்கையைப் பெண் பார்க்க வந்த அன்று அப்பா, "கடையப் பாத்துக்க ஆளு வேணும்லா" என்று என்னை அனுப்பி வைத்தார். கடையில் ஏற்கெனவே மூன்று பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நான் நான்காவது ஆளாகப் போய் உட்கார்ந்தேன். எனக்கு வரன் பார்க்க வந்த தரகர் ஜாதகத்தைப் பிரித்து, ஆயுள் ஸ்தானம் பிரமாதமாக இருக்கிறது என்றார். விஷயத்தைச் சொன்னதும், கொஞ்ச நாள் போகட்டும் என்றார். நாள் போய்க்கொண்டுதான் இருக்கிறது. படுக்கையில் கிடப்பவர்களுக்கு நான் ராசியானவன், மணையில் உட்காரப் போகிறவர்களுக்கு ஆகாதவன். இதற்கெல்லாம் யாரையும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பார்கள். நான் எல்லோரையும் கோபித்துக்கொண்டேன்.

அந்த ராசியும் எல்லா வீட்டிலும் பலிக்கவில்லை. நான் போய் நின்றுவிட்டு வந்தவர்களில் சிலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். டெய்லரின் மனைவியும்தான். டெய்லர் இன்னும் கடைக்கு வருகிறார், துணி எடுக்கிறார், என் முகத்தை மட்டும் பார்க்க மாட்டார். நான் பிழைத்துக் கிடப்பது அவருக்கு எப்படி இருக்கும் என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததனால் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் வரமாட்டேன் என்று அம்மாவோடு சண்டை போட்டேன். "நான் என்ன பொருட்காட்சியா?" என்பேன். "எந்திரி, நேரமாவுது" என்பாள்.

இந்த வருஷம் கத்திரி வெயில் முடிந்த சமயம் வழக்கமான பரிசோதனைக்குப் போனேன். டாக்டர் கழுத்தைத் தடவிக்கொண்டே பேசியவர், ஒரு இடத்தில் பேச்சை நிறுத்தினார். கழுத்தடியில், காறையெலும்புக்குக் கொஞ்சம் மேலே பட்டாணி அளவில் ஒரு கட்டி. ஊசியால் குத்திச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். "திங்கட்கிழமை ரிசல்ட் வந்துடும். அதுவரைக்கும் எதையும் நினைச்சுக்காதீங்க" என்றார். நினைத்துக்கொள்ள வேறு எதையும் அவர் தரவில்லை.

வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. குத்திய இடத்தில் சின்னதாக ஒரு பிளாஸ்திரி. காலர் வைத்த சட்டையைப் போட்டு மேல் பட்டனையும் மாட்டிக்கொண்டேன். கேட்டால், ஷேவ் பண்ணும்போது கீறிவிட்டது என்று சொல்வதாக ஏற்பாடு. யாரும் கேட்கவில்லை.

பயமாக இருந்தது. முதல் தடவை எனக்கு ஒன்றுமே தெரியாது, அதனால் தைரியசாலி என்று பெயர் வாங்கிவிட்டேன். இந்தத் தடவை எல்லாம் தெரியும். வாய்ப்புண் வந்தால் தயிர்சாதம்கூட எரியும் என்பது வரைக்கும் தெரியும். கடையில் ஒரு அம்மாள் மயில்கழுத்துப் பச்சைக்கு லைனிங் கேட்டார். நான் கிளிப்பச்சையைக் கிழித்துக் கொடுத்தேன். அவர் திட்டினார். மயில்கழுத்தும் கிளியும் தெரியாதவன் இந்தத் தொழிலுக்கு ஏன் வந்தாய் என்றார். நியாயமான கேள்விதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா வந்து நின்றாள்.

"வேளச்சேரில ஒரு பொம்பளப் பிள்ளை. இருபத்தாறு வயசு, ஐடில வேலை. உனக்கு வந்த அதேதானாம். மருந்தே வேண்டாம்னு பிடிவாதமா இருக்காம். வாரியா?"

"வாரேன்" என்றேன். சண்டை போடத் தெம்பில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றேன்.

வேளச்சேரியில் அது மூன்றாம் மாடி வீடு. கீழே காம்பவுண்டுச் சுவரில் ஏதோ ஒரு வருஷத்து வெள்ளம் இடுப்பு உயரத்துக்குக் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தது. கதவைத் திறந்த அவள் அம்மாவுக்கு அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அந்தப் பெண் சோஃபாவில் ஒரு பழைய டீ-ஷர்ட்டில், மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். வாங்க என்று சொன்னாள், அவ்வளவுதான். அம்மா சாத்துக்குடியை வைத்தாள், என்னை எதிரே நிறுத்தினாள், எட்டு இட்லியையும் சொன்னாள். உண்மையில் நான் இரண்டு நாளாக ஒழுங்காகச் சாப்பிடவே இல்லை.

அவள் என் முடியைப் பார்க்கவில்லை. காலரைப் பார்த்தாள், அதன் ஓரத்தில் பிளாஸ்திரி எட்டிப் பார்த்திருக்க வேண்டும். பிறகு தன் அம்மாவிடம் திரும்பி, "ஆன்ட்டிக்குக் காபி போட்டுக் குடும்மா" என்றாள். என் அம்மாவிடம், "எங்கம்மா காபி ரொம்பத் தண்ணியா போடுவாங்க ஆன்ட்டி. நீங்க கூட நின்னு சொல்லிக் குடுங்க" என்றாள். இரண்டு அம்மாக்களும் சமையலறைக்குப் போனார்கள்.

"கழுத்துல என்ன?" என்றாள்.

"ஷேவ் பண்ணும்போது கீறிடுச்சு."

"அங்கயுமா தாடி வளருது?"

டீ-ஷர்ட்டின் கழுத்தை இரண்டு விரலால் கொஞ்சம் இழுத்துக் காட்டினாள். அவளுக்கும் ஒரு பிளாஸ்திரி, ஏறக்குறைய அதே இடத்தில். நான் உட்கார்ந்துவிட்டேன். நோயாளி வீடுகளில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"ரிசல்ட் எப்போ?"

"நாளைக்கு."

"வீட்டுல தெரியுமா?"

"தெரியாது."

லேப்டாப்பை மூடினாள். "ரெண்டு வாரமா ஆளுங்க வந்து, தைரியமா இரு, தைரியமா இருன்னு சொல்லிட்டுப் போறாங்க. எல்லாரும் நல்லா சாப்பிட்டுட்டு வர்றாங்க. என்னைவிட பயந்துபோய் வந்த மொத ஆள் நீங்கதான்."

"மன்னிச்சிருங்க" என்றேன். கடைக்காரப் புத்தி. சரக்கில் குறை என்றால் வாய் தானாக மன்னிப்புக் கேட்டுவிடும்.

"நாளைக்கு அதேதான்னு வந்தா மறுபடியும் மருந்து எடுத்துப்பீங்களா?"

அந்த வாரம் முழுக்க எதையெதையோ நினைத்தவன், இதை மட்டும் நினைக்கவில்லை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

"எடுத்துப்பேன்."

"எவ்வளவு கஷ்டம்னு தெரிஞ்சுமா? ஏன்?"

யோசித்துப் பார்த்தேன். "ஆடி வருது. கடையில ஆள் பத்தாது" என்றேன். உண்மையும் அதுதான்.

அவள் சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை. கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் சிரிப்பு வந்தது. சமையலறை வாசலில் இரண்டு அம்மாக்களும் வந்து நின்றார்கள். என் அம்மா கையில் டம்ளரோடு அந்த அம்மாவிடம், "நான் சொன்னேன்லா" என்றாள். கிளம்பும்போது அந்தப் பெண் என் நம்பரை வாங்கிக்கொண்டாள். "நாளைக்கு வந்ததும் சொல்லணும். எதுவா இருந்தாலும் சொல்லணும்" என்றாள்.

திரும்பும்போது ஆட்டோக்காரர், "இன்னா பண்றது சார், ரோட்ட நோண்டிப் போட்டுக்கீறான், சுத்திக்கினுதான் போவணும்" என்று எங்கெங்கோ திருப்பினார். அம்மா பையை மடியில் வைத்து அதன் காதைத் திருகிக்கொண்டு வந்தாள். ஒரு வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் அந்த வீட்டு ஜன்னல் திரை வரைக்கும் பேசுகிறவள். கிண்டி தாண்டியதும் கேட்டாள்.

"நாளைக்கு எத்தன மணிக்கு?"

"என்னது?"

"எப்பவும் வரமாட்டேன்னு குதிப்ப. இன்னைக்கு வாரியான்னதும் சட்டைய மாட்டிட்டு வந்து நிக்க. இந்தப் புழுக்கத்துல கழுத்துப் பட்டன் வேற. இப்ப அந்தப் பிள்ள நாளைக்குச் சொல்லணும்னதும் காதுல விழுந்துச்சு. பெத்தவளுக்குத் தெரியாதாக்கும்?"

"தெரிஞ்சுதான் கூட்டிட்டு வந்தியா?"

"எங்கிட்ட நீ சொல்ல மாட்ட. அந்தப் பிள்ளகிட்டயாவது சொல்லுவேன்னுதான் கூட்டிட்டு வந்தேன்."

நான் ஆட்டோக்காரரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் வீடு வீடாகப் போய், என் பிள்ளையைப் பாருங்கள், நன்றாக இருக்கிறான் என்று சொன்னதெல்லாம் தனக்கே சொல்லிக்கொண்டதுதானோ என்று அப்போதுதான் தோன்றியது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடித்திருப்பாள். பத்து மணிக்கு என்று மட்டும் சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்ன வெயில் இது என்றாள்.

மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். டாக்டர் காகிதத்தைப் படித்துவிட்டு, வெறும் தொற்றில் வீங்கிய சுரப்பி, தானாக வற்றிவிடும் என்றார். அம்மா அவருக்குக் கும்பிடு போட்டாள். வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். பிறகு தலை நிமிராமலே, "அந்தப் பிள்ளைக்குச் சொல்லிட்டியா?" என்றாள்.

ஒன்றுமில்லையாம், வெறும் தொற்றாம் என்று செய்தி அனுப்பினேன். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்திருப்பாள் போல, உடனே பதில் வந்தது.

"அப்பாடா. இனிமே உங்களுக்காக நீங்க பயப்பட வேண்டாம் இல்ல? வியாழக்கிழமை எனக்கு மொத மருந்து. எனக்காக பயப்படுங்க."

சரி என்று எழுதினேன். அதை எழுதும்போதே பயப்பட ஆரம்பித்திருந்தேன்.