கிளிக்கூண்டைப் பிடித்த கை

எனக்குக் கட்டைக் குரல். கல்யாண வீட்டில் பாட்டுப் பாடச் சொன்னால் என்னைத் தாண்டி அடுத்தவளைக் கூப்பிடுவார்கள். அதற்குப் பழி தீர்க்கத்தான் அந்த ஓப்பராவை எழுதினேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்த ராட்சசன் கதை எல்லோருக்கும் தெரியும். அதை வசனமே இல்லாமல், முழுக்கப் பாட்டாக மாற்றினேன். ராட்சசன் இப்போது தென்காசியில் ஒரு ஜவுளிக்கடை முதலாளியம்மா. சிறைப்பட்ட இளவரசி, நாள் முழுக்க உட்காரவிடாமல் நிற்கவைக்கப்பட்ட விற்பனைப் பெண். கிளி, கல்லாவுக்கு மேலே கூண்டில். உயிர் எங்கே இருக்கிறது என்று அவள் மூன்று முறை நைசாகக் கேட்பாள். முதலாளியம்மா இரண்டு முறை பொய் சொல்லிவிட்டு மூன்றாவது முறை உண்மையைப் பாடுவாள். நாடகத்திலேயே நல்ல பாட்டு அதுதான். முதலாளியம்மா வேஷம் எனக்கு என்பதால் அதை எனக்காகவே மெட்டமைத்தேன்.

விற்பனைப் பெண்ணாக நடித்தது என் தம்பி மனைவி. குத்துக்கல்வலசையில் அவர்கள் வீட்டில்தான் இரண்டு மாதம் ஒத்திகை. எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. சமைக்கும்போதும் பாடினேன், பஸ்ஸில் முணுமுணுத்தேன், தூங்கப் போனவளை எழுப்பி ஒரு வரியை மாற்றினேன்.

அரங்கேற்றத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவர்கள் வீட்டுக்கு சென்னையிலிருந்து விருந்தாளிகள் வந்து இறங்கினார்கள். சாரல் காலத்தில் இங்கே எந்த வீடும் தப்ப முடியாது. வந்தவர்களைக் குற்றாலத்துக்கு அழைத்துப்போய், நாமும் கூடவே குளித்தால்தான் உபசாரம் நிறையும். அவள் குளித்துத் தொண்டையைக் கெடுத்துக்கொள்வாளோ என்று காவலுக்கு நானும் போனேன்.

"மைனி, ஒரே ஒரு தடவ தலையக் காட்டிட்டு வந்துருதேன்."

"பேசாம பையப் பிடிட்டி. நாளைக்கழிச்சு நாடகம்."

துண்டுகளையும் செருப்புகளையும் காத்துக்கொண்டு அவள் நின்றாள். ஐந்தருவி இரைந்துகொண்டிருந்தது. எனக்கோ கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. அருவித் தண்ணீரில் குளித்தால் சளி பிடிக்காது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கே அது நம்பிக்கையாகிவிட்டிருந்தது. "இந்தா வாரேன்" என்று அவளிடம் கைப்பையையும் கொடுத்துவிட்டு உள்ளே போனவள், அரைமணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தேன்.

மறுநாள் காலையில் தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது. கஷாயம், மிளகு, ஆவி எதற்கும் மசியவில்லை. நாடகம் வேண்டாம் என்று தாளில் எழுதி அவளிடம் நீட்டினேன். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

"ஊரெல்லாம் சொல்லியாச்சே மைனி. உங்க பாட்டும் எனக்கு மனப்பாடம். நானே ரெண்டையும் பாடிருதேன். நீங்க சும்மா உக்காந்திருங்க, போதும்."

கல்யாண மண்டபத்தில் பட்டுச் சேலை கட்டி, கல்லாவுக்குப் பின்னால் ஊமையாக உட்கார்ந்தேன். அவளே கேட்டாள், அவளே பதிலும் பாடினாள். மூன்றாவது பதில் அவள் குரலுக்கு எட்டாத கீழ் ஸ்தாயி. அதனால் தன் சுருதிக்கு ஏற்றி, மெதுவாகப் பாடினாள். நான் அதைத் திமிராகப் பாடி வந்தேன். அவள் பாடியபோது முதலாளியம்மா பயந்துபோன ஒரு மனுஷியாகத் தெரிந்தாள். என் பாட்டு அவ்வளவு நல்ல பாட்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பொறாமையில் கண் எரிந்தது.

அடுத்து அவள் கூண்டைப் பறிக்க வேண்டும். ஒத்திகையில் ஒப்புக்குப் பிடித்துக்கொள்வேன். அன்று என் கை விடவில்லை. அவள் இழுத்தாள். நானும் இழுத்தேன். சபை அதை நடிப்பு என்று நினைத்திருக்கும்.

"விடுங்க மைனி" என்று என் காதோரம் சொன்னாள். விட்டேன்.

நாலு நாளில் குரல் திரும்பியது. செங்கோட்டையில் மறுபடி போடக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பாட்டை யார் பாடுவது என்று அவள் கேட்கவில்லை. அவளே பாடட்டும் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. நேற்று அவள் சுருதிக்கு அந்தப் பாட்டை மாற்றி எழுதி, நோட்டை அவள் வீட்டு மேசையில் வைத்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டேன்.