எடை பார்த்து வளர்த்த ஹாக்கி அணி

நாமக்கல்லை அடுத்த மோகனூர் சாலையில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் மருதாசலம், ஹாக்கி மட்டையைத் தம் கையால் தொட்டதில்லை. ஆயினும், பதினான்கு வயதுக்கு உட்பட்ட பெண்கள் அணிக்கு அவரே மேலாளர். பண்ணைக்குப் பின்னிருந்த தரிசு நிலத்தை மைதானமாகக் கொடுத்தவரும், பயிற்சி முடிந்ததும் ஆளுக்கு இரண்டு முட்டை அவித்துக் கொடுப்பவரும் அவர்தாம். அப்படிப்பட்டவரை வேறெந்தப் பதவியில் அமர்த்துவது?

முப்பது ஆண்டுகளாகக் குஞ்சுகளை வளர்த்தவர் ஆதலால், வளர்ப்பில் அவருக்கு ஐயமே எழுந்ததில்லை. திங்கள்கிழமைதோறும் இருபது சிறுமியரும் தீவன மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி இறங்கினர். வயதுக்குரிய எடையை எட்டாதவர் நால்வர். பெரியவை சிறியவற்றின் தீவனத்தைப் பறித்துக்கொள்ளும் என்பதால், பண்ணையில் மெலிந்த குஞ்சுகளைத் தனியே பிரித்து வளர்ப்பது வழக்கம். அவ்வழக்கத்தின்படி நால்வரும், மக்காச்சோளம் காயவைக்கும் சிமெண்டுக் களத்திற்கு அனுப்பப்பட்டனர். அங்கே மூன்றாவது முட்டையும் கிடைத்தது. நால்வருள் மிக மெலிந்தவள் கனிஷ்கா, முப்பத்தொரு கிலோ.

பயிற்சியாளர் மெஹர்பானு சேலத்திலிருந்து வருபவர். “ஐயா, எடையா கோல் போடப் போகுது?” என்று ஒருமுறை கேட்டார்.

“எடை இல்லாத கோழி முட்டை போட்டு நான் பாத்ததில்லீங்க, டீச்சர்,” என்று பணிவாகவே விடை வந்தது.

மைதானத்தில் பதினாறு பேருக்கு ஒரு பந்து. களத்தில் நால்வருக்கு ஒன்று. வழுவழுப்பான சிமெண்டில் அது பறந்தது. தடுக்கத் தவறினால் சோளக் குவியலுக்குள் புகுந்துவிடும். தேடி எடுக்கும் வேலை தவறவிட்டவளுக்கே. ஆறு மாதங்களில் அவர்கள் தவறவிடுவதை நிறுத்தினர்.

சேலத்து விளையாட்டு விடுதியொன்றிலிருந்து தேர்வாளர் இருவர் வந்தனர். மருதாசலம் பெருமிதத்துடன் பதினாறு பேரையும் ஆடவிட்டார். கால் மணி நேரத்தில் தேர்வாளர்கள் தம் நாற்காலிகளைக் களத்தின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டனர். கனிஷ்கா தேர்ந்தெடுக்கப்பட்டாள். மேலாளர் கையொப்பமிட்ட படிவம் அன்று மாலை ஐந்து மணிக்குள் நாமக்கல்லில் தங்களிடம் சேர வேண்டும், இல்லையேல் இடம் வேறொருத்திக்கு, என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டனர்.

மருதாசலம் பேனாவைத் தொடவில்லை.

“ஏனுங்க டீச்சர், முட்டை வெக்கிற நேரத்துல கோழிய ஆராச்சும் கையுட்டுக் குடுப்பாங்களா? அதும் இன்னும் எடையே வரலை.”

“ஐயா, என் எடைக்கு உங்க கோழி இருவது வருமுங்க,” என்றாள் கனிஷ்கா. கண்களில் நீர் நின்றது. வாய் மட்டும் அடங்கவில்லை.

“நீ சும்மா இரு சாமி.”

மெஹர்பானு கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு இருபது. ஆறு மாதமாக அடக்கிவைத்த உண்மைகள் பல அவர் நாவில் இருந்தன. அவற்றுள் எதுவும் கையொப்பத்தைப் பெற்றுத் தராது.

“முட்டைப் பண்ணைக்காரர் கொடுக்க மாட்டார்தான் ஐயா. ஆனா குஞ்சு வளர்த்துக் கொடுக்கறவங்க இருக்காங்கல்ல? பதினாறு வாரம் வளர்த்துப் பெரிய பண்ணைக்கு அனுப்பறாங்க. அங்க போய் நல்லா முட்டை வெச்சா, யார் வளர்ப்புன்னுதானே கேக்கறாங்க?”

“ஆமாங்க… அது நெசந்தான்.”

“தனியாப் பிரிச்சு வளர்த்தது நீங்கதானே?”

“பின்னே! நாந்தான் பிரிச்சேன்னு அவங்ககிட்டச் சொன்னீங்களா?”

“சொல்லிட்டேன் ஐயா.” சொல்லவில்லை, அதற்காக வருந்தவும் அவருக்கு நேரமில்லை.

மருதாசலம் கையொப்பமிட்டார். ‘மேலாளரின் குறிப்பு’ என்ற கட்டத்தில், குஞ்சுகளை வண்டியேற்றும்போது எழுதும் வரிகளையே நிறுத்தி நிதானமாக எழுதினார்: ‘நோய் ஏதும் இல்லை. முதல் வாரம் தீவனம் குறையாமல் பார்த்துக்கொள்ளவும்.’

மெஹர்பானு அதில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் படிவத்தை மடித்துப் பையில் வைத்து, கனிஷ்காவை ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டார்.