பொத்தானை அமுக்காதம்மா

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். 1986-இல் சுங்கை பெசாரில் இதை என் காதாலேயே கேட்டேன்.

பகலில் நெல் ஆலையில் மூட்டை தைப்பேன். சாயங்காலம் டெலிபோன் வகுப்பு. கோலாலம்பூர்க் காலேஜிலிருந்து தேவதாஸ் சார் கணக்கியல் நடத்துவார். கடை மாடியறையில் ஒலிபெருக்கிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து கேட்போம். பட்டணத்துக்கு அலைய வேண்டாம், வேலையையும் விட வேண்டாம். தேறினால் ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா ஆகலாம். அந்த ஆசையில் அம்மா தன் தோட்டை விற்று என்னைச் சேர்த்துவிட்டாள்.

சந்தேகம் கேட்க மைக்கின் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்குவோம், கேட்போம். சார் கொஞ்சம் பொறுத்து, “நல்லது...” என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். ஒருவருக்கும் பதில் வந்ததில்லை.

“நல்லா அழுத்தி அமுக்குலா!” என்பான் கூடப் படித்த நஜ்முதீன்.

வகுப்பைப் பார்த்துக்கொண்ட கார்த்திகேசு அண்ணனும் அதையேதான் சொன்னார். என் விரல்தான் சரியில்லை என்று நானும் நம்பித் தொலைத்தேன்.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது. அன்று கொட்டுகிற மழை. நான் மட்டும்தான் வந்திருந்தேன். மணி ஆறு பத்து.

பேசிக்கொண்டே இருந்த சார் சட்டென்று நிறுத்தினார்.

கர்ர்ர்...

“ஐயோ, ஒண்ணுமே புரியலையே” என்று வாய்க்குள் முனகினேன். மைக்கைத் தொடவே இல்லை.

“புரியாதும்மா கங்கா.”

கை தானாக மைக்குக்குப் போனது.

“பொத்தான அமுக்காதம்மா... கேட்குது.”

“சார்...?”

“இது பழைய பாடம். இந்த வருஷம் மாத்திட்டாங்க. இதப் படிச்சா தேற மாட்டே.”

டக்.

பக்கத்து அறைக்கு ஓடினேன். கார்த்திகேசு அண்ணன் டேப் ரிக்கார்டரில் கேசட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். பெட்டியின் ஒயர் அதில் செருகியிருந்தது. மைக்கின் ஒயர் சும்மா தொங்கியது.

“டெலிபோன் எங்கண்ணே?”

“காலேஜுலதான் கேசட்டப் போடச் சொன்னாங்க...”

“அண்ணே அண்ணேன்னு நம்புனேனே, பாவி! சார் எங்க?”

அவர் டேப் ரிக்கார்டரின் மூடியைச் சாத்தினார்.

“போன தீபாவளிக்கே தவறிட்டாருலா.”

உயிரோடிருந்த அத்தனை பேரும் சேர்ந்து என்னை ஏமாற்றியிருக்கிறார்கள். புதுப் பாடத்தைத் தேடிப் படித்தேன், தேறினேன்.

அந்தக் கேசட்டை அன்றே பிடுங்கி வந்துவிட்டேன். எத்தனையோ முறை போட்டுக் கேட்டாயிற்று. பாடம் மட்டும்தான் இருக்கிறது.

சாருக்கு என் பெயர் தெரிய வழியே இல்லை. நான் அந்த வகுப்பில் சேர்ந்ததே அந்தத் தீபாவளிக்கு அடுத்த தைப்பூசம் கழிந்துதான்...