நான் வாசிக்காமல் விட்ட பதினொரு பக்கங்கள்

அக்காவின் படத்துக்குப் பூப்போட வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அக்காவிடம் படித்த பிள்ளைகளுக்கும் தம்பியின் வணக்கம். அக்காவைப் பற்றிச் சொல்ல நல்லது ஆயிரம் இருக்கிறது. ஒரு வருஷமாக என் நெஞ்சை அறுத்துக்கொண்டிருக்கும் ஒன்றும் இருக்கிறது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது அகரத்தில். அப்பா வெங்காயமும் சம்பங்கியும் போட்டவர். அக்கா பன்னிரண்டாவது படிக்கும்போது மறைந்தார். அம்மா தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள, அக்கா டவுன் பஸ் ஏறித் திண்டுக்கல் போய்த் தமிழ் படித்தார். "தமிழ் படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறா?" என்று கேட்ட உறவுகள் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். கோபமில்லை. பிற்பாடு உங்கள் பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பங்களையெல்லாம் பூர்த்தி செய்து கொடுத்தவரும் அக்காதான்.

கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் வேலை. அடுத்த வருஷம் இருக்குமா என்று எந்த வருஷமும் தெரியாது. முனைவர் பட்டம் வாங்கினால்தான் விடிவு என்று, ஒரு சரித்திர நாவலை ஆய்வுக்கு எடுத்தார். உதவிப் படை வருகிறது என்ற ஓலையோடு, எதிரிகளின் நடுவே புகுந்து, முற்றுகையில் கிடக்கும் கோட்டைக்குப் போகும் இரண்டு வீரர்களின் கதை அது. படித்தவர்கள் எல்லோரும் குதிரையையும் வாள் சண்டையையும் சிலாகிப்பார்கள். அக்கா தாகத்தையும் பயத்தையும் பற்றி எழுதினார்.

ஒரு சித்திரை வெயிலில் என்னை மலைக்கோட்டைக்கு மேலே கூட்டிப்போனார். பையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை.

"என்னக்கா இது?"

"முற்றுகைன்னா என்னன்னு தெரிய வேணாமா? நாக்கு ஒட்டுதா? சொல்லு, எழுதிக்கிறேன்."

"ஒட்டுதாவா? செத்தே போயிருவேன் போலருக்கு!"

அதையும் எழுதிக்கொண்டார். கீழே இறங்கி நான் நாலு கிளாஸ் சர்பத் குடித்ததையும் விடவில்லை, அடிக்குறிப்பில் சேர்த்துவிட்டார்.

நான்கு இயல்கள் முடிந்தபோது மூளையில் கட்டி என்றார்கள். இரண்டே மாதத்தில் பார்வை போய்விட்டது. ஆய்வேட்டைக் கொடுக்கப் பல்கலைக்கழகம் தந்த கடைசி நீட்டிப்பு ஓடிக்கொண்டிருந்தது. பேசாமல் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். "ஏலே, இதை முடிக்காமப் போனா எனக்குக் கண்ணு போனதுதான்டா மிச்சம்" என்றார். தினமும் காலையில் என் ஜெராக்ஸ் கடையைத் திறக்கும் முன் ஒரு மணி நேரம் நாவலை வாசிப்பேன். அக்கா கேட்டுக்கொண்டே மனதில் ஐந்தாம் இயலைக் கட்டுவார்.

ஒரு நாள் டாக்டர் என்னைத் தனியே அழைத்து, இனி செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து, "கட்டி சுருங்கிருச்சாம்க்கா" என்றேன். அக்கா என் பக்கம் முகத்தைத் திருப்பி, "அப்பிடியா, நல்லது அப்பு. எனக்கும் காலையிலருந்து லேசா வெளிச்சம் தெரியுது" என்றார். என் பொய் பலித்துவிட்டதோ என்று நான் பைத்தியக்காரன் மாதிரி சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் வாசிக்க வேண்டிய இடத்தில், வீரர்களில் ஒருவன் வயிற்றில் ஈட்டி பாய்ந்து நண்பன் மடியில் கிடந்து சாகிறான். பதினொரு பக்கம். என்னால் ஆகவில்லை. அப்படியே புரட்டிவிட்டு, கோட்டைக் கதவு திறக்கும் இடத்திலிருந்து தொடங்கினேன். அந்த நாவலைத் தலைகீழாகச் சொல்லக்கூடியவருக்குத் தெரியாது என்று நினைத்தேன் பாருங்கள், என்னைப் போல முட்டாள் உண்டா!

பேச்சு குழறத் தொடங்கிய பிறகு ஒரு காலையில் என் மணிக்கட்டைப் பிடித்தார். "அன்னிக்கு விட்டியே... அதை வாசி அப்பு." எடுத்தேன். இரண்டு வரி வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டேன். "கடைக்கு நேரமாச்சுக்கா, நாளைக்கு வாசிக்கிறேன்."

"சரிப்பா."

அன்று சாயங்காலம் நினைவு தப்பியது. மூன்றாம் நாள் அக்கா போய்விட்டார்.

காரியம் முடிந்ததும் என் மனைவி ஒரு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் கடையில் இருந்த நேரங்களில் அக்கா சொல்லச் சொல்ல அவள் எழுதிய ஐந்தாம் இயல். முழுக்க அந்தப் பதினொரு பக்கத்தைப் பற்றியது. ஊராருக்கெல்லாம் ஆய்வேடு தட்டச்சு செய்து கொடுப்பவன், கடையில் உட்கார்ந்து அதைத் தட்டினேன். கடைசிப் பத்தி இது:

"'கோட்டை தெரிகிறது' என்று நண்பன் சொல்கிறான். கோட்டை இன்னும் வெகு தூரம் என்று சாகிறவனுக்குத் தெரியும். ஆனாலும் 'ஆமாம், எனக்கும் தெரிகிறது' என்கிறான். உயிரோடு திரும்பப்போகிறவன் மனம் உடையக் கூடாதே என்று சொன்ன சொல் அது. இந்த நாவலில் இதைவிடப் பெரிய வீரம் இல்லை."

அதற்கு மேல் உட்கார முடியாமல் கடை ஷட்டரை இழுத்துவிட்டேன்.

ஆய்வாளர் கையெழுத்து இல்லாத ஏட்டை வாங்க விதியில் இடமில்லை என்றார்கள். அக்காவின் ஆய்வுக்கு வழிகாட்டிய நெறியாளர் அம்மா நடையாய் நடந்தும் பலிக்கவில்லை. பைண்டு செய்த பிரதி படத்துக்கு முன்னால் இருக்கிறது. நெறியாளர் அம்மாவுக்கும், ராப்பகல் பார்த்த நர்சுகளுக்கும், முறை வைத்துத் துணைக்கு இருந்த மாணவிகளுக்கும், கை வலிக்க எழுதிய என் மனைவிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்று படையல் முடிந்ததும் அந்தப் பதினொரு பக்கத்தையும் அக்காவுக்கு வாசிக்கப்போகிறேன். இலை போடச் செத்த நேரம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள். நடுவில் என் குரல் நின்றுபோனால், பக்கத்தில் இருப்பவர் புத்தகத்தை வாங்கி, நிறுத்திய இடத்திலிருந்து தொடருங்கள். ஒரு பக்கமும் விட்டுவிடாதீர்கள்.