வார்னிஷ் பூசிய தாடை

என் அக்காவைக் கட்டிய அத்தானுக்குப் பெயிண்ட் தொழிற்சாலை சொந்தம். பணத்துக்குக் குறைவில்லை, ஆனால் ஓர் இடத்தில் உட்கார மட்டும் தெரியாது. சாப்பிடும்போதே தட்டோடு எழுந்து ஜன்னலுக்குப் போவார். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்பாள் அக்கா.

விடுமுறை வந்தால் என்னையும் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு சுண்ணாம்புக் குன்றுகளுக்குக் கிளம்பிவிடுவார். ஆதிமனிதன் விட்டுப்போன கல்லாயுதம், எலும்பு, பல், எது அகப்பட்டாலும் வீட்டுக்கு வந்துவிடும். மாடி அறைகள் நிறைந்து, கற்கோடரிகள் அக்காவின் துணி அலமாரிக்கும் குடிவந்தன.

"உயிரோட இருக்கிறவளுக்கும் ஒரு தட்டு விடுங்க" என்று அவள் கத்துவாள்.

எலும்புகள் உதிர்ந்துவிடுமோ என்று அவருக்கு எப்போதும் பயம். அதனால் தொழிற்சாலையின் முதல்தர வார்னிஷில் ஒவ்வொன்றையும் முக்கி எடுப்பார். "ஆதிமனுசன் இவ்வளவு பளபளன்னா இருந்தான்?" என்று கேட்டால் என்னை முறைப்பார்.

அறுபது தாண்டியபின் ஒரு குகையில் கீழ்த்தாடை ஒன்று கிடைத்தது. அன்றோடு அவருக்குத் தூக்கம் போயிற்று. "இது எவ்வளவு பழசுன்னு விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் வாயால கேட்டுட்டா போதும் மச்சான்" என்று நடந்துகொண்டே புலம்புவார். அதையும் வார்னிஷில் முக்கித்தான் பல்கலைக்கழக ஆய்வாளர் அம்மாவிடம் கொண்டுபோனோம்.

அவர் தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மனுசத் தாடைதான். ரொம்பப் பழசாவும் இருக்கலாம். மேல என்ன பூசியிருக்கீங்க?"

"எங்க கம்பெனி வார்னிஷ். காலத்துக்கும் தாங்கும்" என்றார் அத்தான் பெருமையாக.

அந்த அம்மா தாடையை மெதுவாக மேசையில் வைத்தார். வார்னிஷ் எலும்புக்குள் ஊறிவிட்டதாம். இனி சோதித்தாலும் வருகிற வயதை நம்ப முடியாதாம்.

"மத்த எலும்பெல்லாம்?" என்று கேட்டார் அத்தான். "அதுக்கும் இதே வார்னிஷ்தானா?" என்றார் அந்த அம்மா.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். இவர் சொந்த வார்னிஷில் வைத்துக்கொண்டார். எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அந்த வாரமே என்னை மறுபடி குகைக்கு இழுத்துப் போனார். தாடை கிடைத்த குழியின் ஓரத்தை லேசாகச் சுரண்டியபோது இன்னோர் எலும்பின் நுனி தெரிந்தது. கொத்துக்கரண்டியைப் பிடித்த அவர் கை அப்படியே நின்றது. வெளியே வந்து ஆய்வாளரைப் போனில் கூப்பிட்டார்.

"தொடாதீங்க ஐயா. சுத்தி இருக்கிற மண்ணும் வேணும். மழையெல்லாம் முடிஞ்சுதான் எங்க குழு வர முடியும்."

மழை இன்னும் தொடங்கவே இல்லை. அத்தானின் இதயம் அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொன்னது எங்கள் இருவருக்கும் தெரியும். எனக்குப் பொறுக்கவில்லை.

"எடுத்துடுங்க அத்தான். வார்னிஷ் பூசாம குடுத்துட்டா ஆச்சு."

"மண்ணோட வேணுமாம்டா."

கையாலேயே மண்ணை அள்ளி அந்த நுனியை மூடினார். மேலே பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, சுற்றிலும் கல் வைத்தார். எனக்கு அழுகை வந்தது.

திரும்பும் வழியில், குன்றைத் தாண்டிய முதல் வளைவிலேயே காரை நிறுத்தினார். நெஞ்சு வலியோ என்று பதறினேன். அவர் இறங்கிச் சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்து, சாவியை நீட்டினார்.

"நீ ஓட்டு மச்சான். நான் ஓட்டினா வண்டி குகைக்கே திரும்பிடும்."