ஈசான மூலையில் வெட்டிய கம்பம்

ஜெசிந்தா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் அரியாலையில் ஒரு வீட்டு முற்றத்தில், கார் நிறுத்தும் இடத்துக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். அவருடைய தமக்கை மேரி அக்காதான் தொலைபேசியில் அழைத்தார். "தங்கச்சி போட்டா, தம்பி. விடியத்தான் நெஞ்சுக்குள்ளை நோகுது எண்டவ. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக முதலே எல்லாம் முடிஞ்சுது" என்றார். நான் அளவுநாடாவைச் சுருட்டத் தொடங்கினேன். என்ன விஷயம் என்று வீட்டுக்காரர் கேட்டார். என்னோடு வேலை செய்யும் ஜெசிந்தா இறந்துவிட்டார் என்றேன். அவர் நாடியைச் சொறிந்துகொண்டு யோசித்தார். பிறகு, "ஆர், அந்த நல்லூரிலை காருக்கு மேலை விழுந்த கூடாரம் போட்ட பொம்பிளையோ?" என்று கேட்டார்.

ஒரு மனிதர் இறந்த செய்தி காதில் விழுந்த அந்த நிமிடத்திலேயே இந்த ஊருக்கு ஞாபகம் வருவது இதுதான். அவர்கள் ஊற்றி வைத்த தேநீரைத் தொடாமல் வந்துவிட்டேன். அந்த வீட்டு வேலையையும் பிறகு எடுக்கவில்லை.

இதை வாசிக்கும் உங்களில் பலர் ஜெசிந்தாவை அறிந்தவர்கள். குருநகரில் கடற்றொழில் செய்த குடும்பத்தில் பிறந்து, படித்துப் பொறியியலாளரானவர். யாழ்ப்பாண நகரில் ஒரு கடையின் மேல்மாடியில் நாங்கள் இருவரும் அலுவலகம் வைத்திருந்தோம். அங்கே ஒருமுறை வந்தவர்கள்கூட அவர் முகத்தை மறந்திருக்க மாட்டார்கள். அரைகுறை வேலையைக் கண்டால் அவருடைய மூக்கும் மேலுதடும் ஒன்றாகச் சுருங்கும். அழுகின மீனை முகர்ந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, வந்தவர் எத்தனை பெரியவராக இருந்தாலும் வாயைத் திறக்காமல் இருந்துவிடுவார். அவரைப் பணிவானவர், புன்னகை மாறாதவர் என்றெல்லாம் நினைவு மலரில் எழுதியிருக்கிறார்கள். அது யாரைப் பற்றிய எழுத்தோ எனக்குத் தெரியாது.

கார்களுக்கு மேலே துணியால் கூரை போடுவதுதான் அவருடைய விருப்பமான வேலை. தகரமோ ஓடோ சட்டமோ இல்லாமல், தடித்த பிளாஸ்ரிக் பூசிய துணியை நான்கு கம்பங்களில் இழுத்துக் கட்டி, அந்த இழுவையினாலேயே அதை நிற்க வைப்பது. எதிரெதிர் மூலைகள் இரண்டு உயர்ந்திருக்கும், மற்ற இரண்டும் தாழ்ந்திருக்கும். துணி ஒரு பக்கமாக மேலே வளைந்து, மறு பக்கமாகக் கீழே வளைந்து இறுகிவிடும். காற்று தூக்கினால் ஒரு வளைவு பிடிக்கும், மழை அமுக்கினால் மற்ற வளைவு பிடிக்கும். இதை யாராவது தார்ப்பாய் மாதிரிப் படங்கு என்று சொல்லிவிட்டால் போதும். "தொங்கிறதுதான் படங்கு. இது இழுபட்டு நிக்கிறது" என்று சீறுவார்.

ஒரு வேலை வந்தால் முதலில் கையகலத்தில் மாதிரி செய்வார். அதற்கு நன்றாக இழுபடும் துணி வேண்டும். ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு நகரத்தில் ஒரு உடுப்புக் கடைக்குப் போய், லெக்கின்ஸ் ஒன்றை எடுத்து நான்கு பக்கமும் இழுத்து இழுத்துப் பார்த்தார். கடையில் நின்ற பிள்ளை பயந்துபோய், "அக்கா, ஆருக்கு? அளவு சொன்னால் எடுத்துத் தாறன்" என்றது. "காருக்கு" என்றார் ஜெசிந்தா, சிரிக்காமல். அதை வெட்டிப் பலகையில் குத்திய நான்கு ஈர்க்குகளில் கட்டி, மேலே ஒரு கைப்பிடி பயறு கொட்டுவார். ஒரு பயறுகூட மேலே தங்கக்கூடாது. "பயறு நிக்கிற இடத்திலை மழையும் நிக்கும்" என்பார். ஏதாவது ஒரு பயறு எங்கேயாவது ஒட்டிக்கொண்டு நின்றால், அன்றைக்கு எனக்கு மத்தியானச் சாப்பாடு கிடையாது.

இனி நல்லூர்க் கதைக்கு வருகிறேன். அந்த மனிதரின் பெயரை எழுத என் கை கூசுகிறது. கார்க்காரர் என்றே சொல்கிறேன். ஓய்வுபெற்ற அதிகாரி. புதிதாகக் கார் வாங்கியிருந்தார். முற்றத்து வேம்பிலிருந்து காகம் எச்சம் போடுகிறது என்பது அவருடைய பெரிய கவலை. ஜெசிந்தா செய்த மாதிரியைப் பார்த்ததும், "நல்ல வடிவாயிருக்கு, பிள்ளை" என்று மெச்சினார். பிறகு மனைச் சாத்திரம் பார்க்கும் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். வந்தவர் உயர்ந்து நின்ற இரண்டு மூலைகளில் ஒன்றில் விரலை வைத்து, "உது ஈசான மூலையெல்லோ? வடகிழக்கு உயரக் கூடாது" என்றார்.

ஜெசிந்தா அன்றைக்கு என்னவோ பொறுமையாக இருந்தார். "அப்ப ஈசானத்தைத் தாழ்த்துவம். ஆனால் அதுக்கு எதிரை இருக்கிற கன்னி மூலையும் தாழவேணும். எதிரெதிர் மூலை ஒண்டாத்தான் ஏறும், ஒண்டாத்தான் இறங்கும்" என்றார்.

"கன்னி மூலை தாழவே கூடாது" என்றார் சாத்திரகாரர்.

"அப்பிடியெண்டால் தகரம் போடுங்கோ."

கார்க்காரர் சமாதானம் பேசினார். "சாத்திரத்தை விடுங்கோ, பிள்ளை. நீங்கள் கீறினபடியே போடுங்கோ" என்று அவரே சொன்னார். நானும் பக்கத்தில் நின்று கேட்டேன்.

ஜெசிந்தா வரைபடத்தில் கீறியபடியே போட்டோம். அந்தச் சோளகக் காற்றுக் காலம் முழுக்க அது அசையாமல் நின்றது. கோயில் திருவிழாவுக்கு வந்த சனம் சைக்கிளை நிறுத்தி, மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தது. விரலால் தட்டினால் மேளம் போலக் கேட்கும். ஜெசிந்தா எந்தச் சாட்டு வைத்தாவது அந்த ஒழுங்கையால் ஸ்கூட்டரில் போவார். தன் வேலையைப் பார்த்து அவர் முகம் மலர்ந்ததை நான் அந்த வீட்டு வாசலில்தான் கண்டேன்.

திருவிழா முடிந்த பிறகு கார்க்காரர் எங்களுக்கு ஒரு சொல்லும் சொல்லாமல், இரும்பு ஒட்டு வேலை செய்பவர் ஒருவரைப் பிடித்து ஈசான மூலைக் கம்பத்தில் ஒரு முழத்துக்கு மேல் அறுத்துவிட்டார். துணியை அந்தக் குட்டைக் கம்பத்தில் திரும்பக் கட்டினார்கள். நான்கு மூலைகளின் உயரத்துக்கும் அளந்து வெட்டிய துணி அது. ஒன்றை இறக்கினால் எல்லா இறுக்கமும் போய்விடும். மாரி தொடங்கியதும் நடுவில் தண்ணீர் தேங்கிற்று. தேங்கத் தேங்கத் துணி தாழ்ந்தது, தாழத் தாழ இன்னும் தேங்கிற்று. ஒருநாள் காலையில் எல்லாம் சேர்ந்து காரின் மேல் விழுந்தது. "பொறியியலாளர் எண்டு நம்பிக் குடுத்தன். என்ரை காரை நாசமாக்கிப் போட்டா" என்று அந்த மனிதர் கோயில் வீதியெல்லாம் சொல்லித் திரிந்தார். கம்பத்தை அறுத்த கதையை மட்டும் எவருக்கும் சொல்லவில்லை.

செய்தி கேட்டு நாங்கள் போனோம். ஜெசிந்தா ஏணி வைத்து ஏறி, அந்தக் கம்பத்தின் நுனியைப் பார்த்தார். மேலே பூசியிருந்த புது வர்ணத்தை நகத்தால் சுரண்டினார். இறங்கி வந்து "சீ" என்றார். அவ்வளவுதான். கார்க்காரரை நிமிர்ந்தும் பார்க்காமல் ஸ்கூட்டரை எடுத்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"சொல்லுமன், ஜெசிந்தா! கம்பத்தை வெட்டினது அவர் எண்டு நாலு பேருக்கு முன்னாலை சொல்லும்."

"அறுத்த அடையாளம் அதிலையே கிடக்கு. கண் இருக்கிறவை பாக்கட்டும்."

"ஒருத்தரும் ஏணி வைச்சு ஏறிப் பாக்க மாட்டினம்."

"உந்த ஊத்தைக்குள்ளை இறங்கி நிண்டு கத்த எனக்கு அருவருப்பாயிருக்கு, குகன். நீரும் வாய் திறக்கக் கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணும்."

சத்தியம் வாங்காமல் அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அதற்காக எனக்கு அவர் மேல் இன்றைக்கும் கோபம் இருக்கிறது. அஞ்சலிக் கட்டுரையில் இறந்தவரோடு சண்டை பிடிப்பது முறையல்ல என்பார்கள். பிடிக்கத்தான் போகிறேன். வாய் மூடியிருந்தால் உண்மை தானாக வெளியே வந்துவிடும் என்று அத்தனை படித்த ஒருவர் நம்பினார். வரவில்லை. பேசி முடித்திருந்த வேலைகள் கைவிட்டுப் போயின. அவர் கடையில் நின்றால் பின்னால் குசுகுசுத்தார்கள். அவர் வீட்டில் வேலைக் கதை கதைப்பதில்லை, அதனால் கூடவே இருந்த மேரி அக்காவுக்கும் ஊர் சொன்னது மட்டுமே தெரியும்.

அவர் இறந்ததற்கு அடுத்த நாள் சந்தியில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டினார்கள். வாழ்நாள் முழுக்கத் துணியில் சுருக்கத்தை வெறுத்தவரின் படத்தில், முகத்துக்குக் குறுக்கே பெரிய மடிப்பு. கட்டியவர்கள் தேநீர் குடித்துக்கொண்டு நின்றார்கள். நான் கதிரை ஒன்றை வாங்கி வைத்து ஏறி, கயிறுகளை அவிழ்த்து, மூலைக்கு மூலை இழுத்துக் கட்டினேன். அவருக்கு நான் செய்த கடைசி வேலை அது.

செத்த வீட்டுக்குக் கார்க்காரரும் வந்தார். வெள்ளைச் சேட்டுப் போட்டு, முன்வரிசையில் இருந்தார். இரங்கலுரை சொல்ல ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார். "மனிசர் எண்டால் பிழை விடுறதுதான். இந்தப் பிள்ளை எனக்குச் செய்த பிழையை இண்டைக்கு நான் மனசார மன்னிச்சிட்டன்" என்றார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்னார். சனம் தலையை ஆட்டியது. என்ன பெரிய மனது என்று என் காதுபடவே ஒருவர் வியந்தார். அந்தச் சத்தியத்தை உதறிவிட்டு நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒலிவாங்கியை நோக்கிப் போவதற்குள், சுவாமியார் செபத்தைத் தொடங்கிவிட்டார். பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் ஊத்தை பூசியது போல இருந்தது.

இதைவிட அருவருப்பு ஒன்று இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இருந்தது. சில நாள் கழித்து, தங்கையின் பொருட்களை எடுக்க மேரி அக்கா அலுவலகத்துக்கு வந்தார்.

"ஞாயிறு பூசை முடியத்தான் நல்லூருக்குப் போனனான், தம்பி. தங்கச்சி விட்ட பிழைக்கு அந்த மனுசனிட்டைக் கையெடுத்து மன்னிப்புக் கேட்டனான். அவவின்ரை ஆத்துமா நிம்மதியாய்க் கிடக்க வேணுமெல்லே."

"அவர் என்ன சொன்னவர்?"

"தங்கமான மனுசன். 'பரவாயில்லை அக்கா, நான் அதை எப்பவோ மறந்திட்டன்' எண்டவர். சோடாவும் உடைச்சுத் தந்தவர்."

தானே செய்வித்த நாசத்துக்கு, இறந்தவரின் தமக்கை கும்பிட்டுக் கேட்ட மன்னிப்பை அந்த மனிதர் கூசாமல் வாங்கி வைத்துக்கொண்டார். நான் மேரி அக்காவை இருக்கச் சொல்லி, நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். முடிவில் அவர் கேட்டார். "அப்ப என்ரை தங்கச்சி பிழை விடேல்லையோ?"

"ஒரு பிழையும் விடேல்லை, அக்கா."

"என்னைக் கூட்டிக்கொண்டு போம்" என்று எழும்பிவிட்டார்.

ஓட்டோ பிடித்துப் போனோம். துணி போன பிறகும் கம்பங்கள் முற்றத்தில் நின்றன. கன்னி மூலையில் நெட்டையாய் ஒன்று, ஈசான மூலையில் குட்டையாய் ஒன்று. மேரி அக்கா இரண்டுக்கும் அடியில் போய் நின்று நிமிர்ந்து பார்த்தார். கார்க்காரர் வெளியே வந்தார். "இதை ஆர் வெட்டினது?" என்று நான் கேட்டேன். அவர் மறுக்கவே இல்லை. "சாத்திரம் பார்க்கிறவர் திரும்பத் திரும்பச் சொன்னவர், நான் என்ன செய்ய? ஒரு சின்னத் துண்டுதானே வெட்டினது" என்றார். அவர் முகத்தில் வெட்கம் ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன். இல்லை.

மேரி அக்கா அவருக்கு முன்னால் போய் நின்றார். "ஐயா, நான் உங்களிட்டை ஒரு மன்னிப்புக் கேட்டனான். அதைத் திருப்பித் தாங்கோ."

"மன்னிப்பை எப்பிடி அக்கா திருப்பித் தாறது?"

"வாயாலைதானே வாங்கினனீங்கள். வாயாலை தாங்கோ. ஜெசிந்தா பிழை விடேல்லை எண்டு சொல்லுங்கோ."

அவர் கேற்றுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். வெளியே ஒழுங்கையில் ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்தி, "சரி, பிழை விடேல்லை" என்றார்.

"றோட்டுக்குக் கேக்கச் சொல்லுங்கோ."

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மேரி அக்கா அந்த முற்றத்திலேயே நின்று அழுதார். செத்த வீட்டில்கூட அவர் அப்படி அழுததை நான் காணவில்லை.

ஜெசிந்தாவை அறிந்தவர்களே, அந்த மனிதர் றோட்டுக்குக் கேட்கச் சொல்லாததை நான் உங்களுக்குக் கேட்கச் சொல்கிறேன். கம்பத்தை அறுத்தது அவர். ஜெசிந்தா கீறியது சரி. ஜெசிந்தாவை மன்னிக்க இந்த ஊரில் எவருக்கும் உரிமை இல்லை.

இப்போது அலுவலகத்தில் நான் தனியாக இருக்கிறேன். யாராவது வந்து, ஒரு மூலையைக் கொஞ்சம் இறக்கினால் என்ன என்று கேட்டால், என் மூக்கும் மேலுதடும் தாமாகச் சுருங்குகின்றன. அது ஜெசிந்தாவிடமிருந்து எனக்கு வந்தது. அதை வைத்துக்கொள்கிறேன். ஆனால் அவரைப் போல அதோடு வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் முடியாது. அதற்கு ஜெசிந்தா என்னை மன்னிக்கட்டும்.